இடம் மாறும் ஆறுகளும் ஐஸ்லாந்தின் வளையச் சாலையும்

1974 ஜூலை 14 அன்று ஐஸ்லாந்தின் தென்கரையில், கண்ணுக்கெட்டிய தூரம்வரை கருமணல் பரந்த ஒரு வெளியில், 880 மீட்டர் நீளப் பாலம் ஒன்று திறந்துவைக்கப்பட்டது. தீவில் மனிதர்கள் குடியேறி 1,100 ஆண்டுகள் நிறைந்ததை நாடு கொண்டாடிய ஆண்டு அது. அந்தப் பாலத்தோடுதான் தீவைச் சுற்றிவரும் வளையச் சாலை முழுமை பெற்றது. அதன் நீளம் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். அதற்கு முந்தைய நாள்வரை, மணல்வெளியின் கிழக்கோரத்தில் வாழ்ந்த ஒருவர் காரில் தலைநகர் ரேக்யவிக்குக்குப் போக வேண்டுமென்றால் மேற்கே 300 கிலோமீட்டர் சொச்சம் ஓட்டிச் சேர்ந்துவிட முடியாது. கிழக்கே திரும்பி, வடக்கே ஏறி, தீவு முழுவதையும் சுற்றி, ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் கடந்துதான் அவர் தலைநகரை அடைய வேண்டும்.

930ஆம் ஆண்டிலேயே திங்வெட்லிரின் திறந்தவெளியில் பொதுச்சபை கூட்டிய மக்கள் இவர்கள். ஆண்டுதோறும் கோடையில் தீவின் எல்லா மூலைகளிலிருந்தும் குதிரையேறி அங்கே வந்து சேர்ந்தார்கள். ஆக, பயணம் இவர்களுக்குப் புதிதல்ல. அப்படியிருந்தும் ஒரு சுற்றுச்சாலைக்கு ஏன் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது? வறுமை ஒரு காரணம். மக்கள்தொகை மிகக் குறைவு என்பது இன்னொன்று. இரண்டையும்விடப் பெரிய காரணம் ஆறு. இந்த நாட்டின் பயண வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: ஐஸ்லாந்தில் சாலை போடுவது நிலத்தை வெல்லும் வேலையல்ல. நிலம் எப்போது எதை எடுத்துக்கொள்ளும் என்று அறிந்து, அதற்கு இடம் விட்டுவைக்கும் வேலை. அந்த அறிவு பொறியாளர்களுக்கு முன்பே பண்ணைக்காரர்களிடம் இருந்தது.

தீவின் பரப்பு சுமார் 1,03,000 சதுர கிலோமீட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு பனிப்பாளம். தென்கிழக்கில் படர்ந்திருக்கும் வாட்னயோகுல் மட்டுமே ஏறத்தாழ 8,000 சதுர கிலோமீட்டர். இந்தப் பனிக்கு அடியில் எரிமலைகள் இருக்கின்றன. அவற்றில் கிரிம்ஸ்வோட்ன் என்ற எரிமலையின் வாயில், பூமியின் வெப்பத்தால் பனி இடைவிடாமல் உருகி, பனிக்கூரைக்குக் கீழே ஒரு ஏரியாகத் தேங்குகிறது. நீர்மட்டம் ஓர் அளவைத் தாண்டும்போது, மேலே அணையாக நிற்கும் பனியையே நீர் தூக்கிவிடுகிறது. பிறகு அடிவழியாகத் துளைத்துக்கொண்டு பல பத்துக் கிலோமீட்டர் ஓடி, பனிப்பாளத்தின் விளிம்பில் வெடித்து வெளியேறுகிறது. வண்டலும் பனிக்கட்டிகளுமாய் வரும் அந்த வெள்ளம் நூற்றாண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டியதுதான் ஸ்கெய்தரா மணல்வெளி. சுமார் ஆயிரம் சதுர கிலோமீட்டர், மரமில்லை, மேடில்லை. அதன்மேல் ஆறுகள் பின்னல் பின்னலாகப் பிரிந்து ஓடுகின்றன. நேற்று ஆறு இருந்த இடத்தில் இன்று மணல் இருக்கும். நேற்று குதிரை இறங்கிய துறை இன்று ஆளை விழுங்கும் சேறாகியிருக்கும்.

இந்த மணல்வெளிக்கும் கிழக்கேயுள்ள பிரெய்தமெர்குர் மணல்வெளிக்கும் நடுவில், பனிமலையின் காலடியில், ஒரைவி என்ற சிறு வட்டாரம் இருக்கிறது. ஒருகாலத்தில் செழிப்பான பண்ணைகள் இருந்த இடம். 1362இல் ஒரைவாயோகுல் எரிமலை வெடித்து அவ்வளவையும் அழித்தது. பின்னாளில் அங்கே திரும்பிக் குடியேறியவர்கள் இரண்டு மணல்வெளிகளுக்கும், வடக்கே பனிக்கும், தெற்கே துறைமுகமே இல்லாத கடலுக்கும் நடுவில் வாழ்ந்தார்கள். கம்பளியைக் கொடுத்துத் தானியமும் இரும்பும் வாங்க, கிழக்கிலோ மேற்கிலோ உள்ள வணிகத் துறைக்குக் குதிரை வரிசையோடு போய்வர வேண்டும். எந்தத் திசையில் போனாலும் நடுவில் பனியாறுகள்.

ஆகவே அங்கே ஆற்றைக் கடப்பது ஒரு தனிக் கல்வியாக வளர்ந்தது. நீர் சுழிக்கும் இடம் எது, மணல் அலைபோல் மடிந்து கிடக்கும் இடம் எது, எந்த நிற மாற்றம் ஆழத்தைக் காட்டும், எது வெறும் வண்டல் என்பதையெல்லாம் குழந்தைப் பருவத்திலிருந்தே பார்த்துப் பழகினார்கள். நீருக்கென்றே பழக்கிய குதிரைகளை ஒவ்வொரு பண்ணையும் தனியாக வைத்திருந்தது. உயரமானவை, பதறாதவை, கால் வைக்கும் முன் அடியைச் சோதிப்பவை. கடப்பவர் நீரைப் பார்க்கக் கூடாது, எதிர்க்கரையைப் பார்க்க வேண்டும். ஓட்டத்தை எதிர்க்காமல் சாய்வாக அதனோடு சேர்ந்து இறங்க வேண்டும். அயலூரிலிருந்து வருகிறவருக்கு அங்கே வழிகாட்டி இல்லாமல் பயணம் கிடையாது. கரையோரப் பண்ணைக்காரர்களே வழிகாட்டிகள், விருந்தோம்பிகள், சமயத்தில் மீட்பர்கள். மணல்வெளியின் மேற்கு ஓரத்தில், செங்குத்தான பாறைக்குக் கீழே இருக்கும் நூப்ஸ்தாதுர் பண்ணையைச் சேர்ந்த ஹான்னஸ் யோன்சன் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்த வழியில் பல ஆண்டுகள் தபால் சுமந்தவர். தென்கரை மக்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கும் பெயர் அது.

ஆறு கடக்கவே முடியாத அளவுக்குப் பெருகினால் இன்னொரு வழி இருந்தது: ஆறு பிறக்கும் இடத்துக்கு மேலே ஏறி, பனிப்பாளத்தின்மேலேயே குதிரைகளை நடத்திப் போவது. வெடிப்புகள் நிறைந்த பனியில் கோடரியால் படி வெட்டி, சில இடங்களில் பலகை போட்டுக் கடந்தார்கள். 1927இல் பிரெய்தமெர்குர் பனிப்பாளத்தில் தபால் குழுவினர் போய்க்கொண்டிருந்தபோது பனி பிளந்து ஒருவரும் சில குதிரைகளும் உள்ளே விழுந்து மாண்டனர். தபால் பைகளும் உள்ளே போயின. அடுத்த ஆண்டு வசந்தத்தில் பனி நகர்ந்து அவற்றை வெளிக்காட்டியது. அந்தப் பனிப்பாளத்திலிருந்து பாயும் ஆற்றுக்குப் பாலம் வந்தது 1967இல்தான்.

நிலவழியே இந்தக் கரைக்கு வருவது இவ்வளவு கடினமாக இருக்க, கடல்வழியே பலர் தாமே விரும்பாமல் வந்து சேர்ந்தார்கள். தாழ்ந்த மணற்கரை கப்பலிலிருந்து பார்த்தால் தெரியாது. அலைக்கும் கரைக்கும் நடுவே கோடு விழாது. 1667இல் ஜாவாவின் படேவியாவிலிருந்து கிழக்கத்திய சரக்குகளோடு ஆம்ஸ்டர்டாம் திரும்பிக்கொண்டிருந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் ஒன்று இந்த மணலில் தரைதட்டியது. கரையேறியவர்களில் பலர் குளிரில் இறந்தார்கள். கப்பல் மணலுக்குள் புதைந்துபோனது. அதில் தங்கம் இருந்ததென்ற நம்பிக்கையில் மூன்று நூற்றாண்டுகள் கழித்தும் தேடினார்கள். 1983இல் ஏதோவொரு கப்பல் தென்பட்டது. தோண்டிப் பார்த்தால், அது 1903இல் மூழ்கிய ஃப்ரீட்ரிக் ஆல்பர்ட் என்ற ஜெர்மன் மீன்பிடிக் கப்பல்.

அந்த ஜெர்மன் கப்பலின் கதைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஜனவரிக் குளிரில் கரையேறிய மாலுமிகள் பண்ணைகள் எந்தப் பக்கம் என்று தெரியாமல் மணல்வெளியில் நாள்கணக்கில் அலைந்தார்கள். மூவர் இறந்தனர். மற்றவர்கள் ஒரு பண்ணையை எட்டியபோது பலருக்குக் கால்கள் உறைந்துபோயிருந்தன. வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. பண்ணைக்காரர்கள் அவர்களைத் தங்கள் சிறு வீடுகளில் வைத்துப் பராமரித்தார்கள். அடுத்த ஆண்டு, ரேக்யவிக்கில் வணிகராகவும் ஜெர்மன் தூதராகவும் இருந்த டிட்லெவ் தாம்சென், கப்பலிழந்தவர்களுக்கென்று இந்த மணல்வெளியில் ஒரு புகலிடக் குடில் கட்டச் செய்தார். நாட்டிலேயே அவ்வகையில் முதலாவது அது. அதே 1904இல், அதே தாம்சென்தான் ஐஸ்லாந்துக்கு முதல் மோட்டார் காரையும் இறக்கினார். ஓடுவதற்குச் சாலை இல்லாததால் கார் தோற்றது. குடில் உயிர்களைக் காத்தது.

தரைதட்டிய கப்பல்கள் இன்னொன்றும் செய்தன. ஹோல்முர் பண்ணையைச் சேர்ந்த பியார்னி ருனோல்ஃப்சன் என்பவர் முறையான பொறியியல் படிக்காதவர். கரையில் சிதைந்து கிடந்த கப்பல்களின் இரும்பை எடுத்து நீர்ச்சுழலிகள் செய்தார். பண்ணைகளின் பின்னால் விழும் அருவிகளில் அவற்றைப் பொருத்தி மின்சாரம் எடுத்தார். நாடெங்கும் அவர் அமைத்த சிறு மின்நிலையங்கள் ஏறத்தாழ நூறு. ஆக, சாலை இல்லாத இந்த வட்டாரத்தில் விளக்கு சாலைக்கு முன்பே எரிந்தது. தனித்துவிடப்பட்டதால் பின்தங்கினார்கள் என்று எழுதிவிடுவது எளிது. அது உண்மையில்லை.

பாலங்கள் மேற்கிலிருந்து ஒவ்வொன்றாக வந்தன. 1891இல் ஒல்ஃபுசா ஆற்றின்மேல் தொங்குபாலம் எழுந்தது. அந்தப் பாலத்தின் முனையில்தான் பின்னாளில் செல்ஃபாஸ் என்ற ஊரே வளர்ந்தது. 1895இல் தியோர்சா ஆறு. ரயில் இந்த நாட்டுக்கு வரவேயில்லை. ரேக்யவிக் துறைமுகம் கட்டக் கல் இழுத்த இரண்டு நீராவி எஞ்சின்கள் மட்டும் சில ஆண்டுகள் ஓடி ஓய்ந்தன. தொலைவுப் பயணத்துக்குக் கரையோரக் கப்பல், அதன்பின் விமானம். ஒரைவி மக்கள் காரில் தலைநகருக்குப் போவதற்கு வெகுகாலம் முன்பே விமானத்தில் போனார்கள், ஆட்டிறைச்சியை அனுப்பினார்கள். கடைசியாக எஞ்சியது ஸ்கெய்தரா மணல்வெளி. அதற்கான பணத்தை அரசு குலுக்கல் பரிசோடு கூடிய கடன்பத்திரங்களாக மக்களிடமே விற்றுத் திரட்டியது. அப்போது நாட்டின் மக்கள்தொகை இரண்டு லட்சத்துச் சொச்சம். அவ்வளவு சிறிய நாடு, வெள்ளம் வரும் என்று நிச்சயமாகத் தெரிந்த ஓர் இடத்தில், தன் மிக நீளமான பாலத்தைக் கட்டியது.

வெள்ளம் இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து வந்தது. 1996 செப்டம்பர் 30 அன்று வாட்னயோகுல் பனிக்கு அடியில் எரிமலை வெடித்தது. பல நூறு மீட்டர் தடிமனான பனியை உருக்கி, அந்த நீரையெல்லாம் கிரிம்ஸ்வோட்ன் ஏரிக்குள் அனுப்பியது. ஏரி எப்போது உடையும் என்று ஐந்து வாரங்கள் நாடே காத்திருந்தது. அதற்குள் சாலைத்துறை கரைகளை உயர்த்தியது. நவம்பர் 5 காலையில் நீர் வெளியே பாய்ந்தது. உச்சத்தில் நொடிக்கு ஏறத்தாழ 50,000 கன மீட்டர். சில மணி நேரத்துக்கு உலகின் மிகப்பெரிய ஆறுகளுள் ஒன்றாக அது ஓடியது. வீட்டளவு பனிக்கட்டிகள் தூண்களில் வந்து மோதின. கிகியுக்விஸ்ல் ஆற்றின் 376 மீட்டர் பாலம் மொத்தமாகப் போயிற்று. 880 மீட்டர் பாலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. சாலை பல கிலோமீட்டருக்கு இருந்த தடமே தெரியவில்லை. ஓர் உயிரும் போகவில்லை. மூன்று வாரம் சற்றுக் கடந்ததும் தற்காலிகப் பாலத்தின் வழியே வண்டிகள் மீண்டும் ஓடின. முறுக்கிய எஃகு உத்தரங்கள் இரண்டைச் சாலையோரத்தில் அப்படியே நினைவுச்சின்னமாக நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

அந்த மூன்று வாரத்தைத்தான் நான் இந்தச் சாலையின் உண்மையான சாதனை என்பேன். உடையாத பாலம் கட்டுவது ஒரு திறமை. உடையும் என்று அறிந்தே கட்டி, உடைந்த மறுநாள் வேலையைத் தொடங்க மரமும் இரும்பும் ஆளும் தயாராக வைத்திருப்பது வேறு திறமை. 2010 ஏப்ரலில் எய்யாஃபியாட்லயோகுல் வெடித்தபோது உலகம் பார்த்தது சாம்பல் மேகத்தை. ஐரோப்பிய வான்வெளி நாள்கணக்கில் மூடியதை. தென்கரையில் நடந்தது வேறு. உருகிய பனியின் வெள்ளம் மார்கர்ஃபிலியோட் ஆற்றுப் பாலத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. சாலைத்துறையினர் மண்வெட்டி எந்திரங்களைக் கொண்டுவந்து தங்கள் சொந்தச் சாலையையே பல இடங்களில் வெட்டித் திறந்துவிட்டார்கள். நீர் அந்த வாய்கள் வழியே பிரிந்து போனது, பாலம் நின்றது. மண்சாலையை நாலு நாளில் நிரப்பிவிடலாம், பாலத்தைக் கட்ட மாதங்கள் ஆகும் என்ற கணக்கு. ஓட்டத்தை எதிர்க்காமல் சாய்வாக இறங்கிய பண்ணைக்காரர்களின் அறிவுதான் இது.

அடுத்த ஆண்டு ஜூலையில் கட்லா எரிமலைப் பக்கத்திலிருந்து வந்த வெள்ளம் மூலக்விஸ்ல் பாலத்தைக் கொண்டுபோனது. கோடை நடுவில், சுற்றுலாவின் உச்சத்தில், வளையம் அறுந்தது. உயரமான சக்கரங்கள் கொண்ட லாரிகளில் பயணிகளையும் அவர்களுடைய கார்களையும் ஏற்றி ஆற்றுக்குள் இறக்கிக் கடத்தினார்கள். ஒரு வாரத்தில் தற்காலிகப் பாலம் வந்துவிட்டது. அந்த ஒரு வாரம் நீருக்கென்றே பழக்கிய குதிரைகளின் காலம் திரும்பி வந்ததுபோல் இருந்திருக்கும்.

ஆனால் யாரும் எதிர்பாராதது 2009இல் நடந்தது. புவி வெப்பமாகிப் பனிப்பாளம் பின்வாங்கித் தாழ்ந்துகொண்டே போனதால், ஸ்கெய்தரா ஆறு தன் பழைய வழியை விட்டுவிட்டு, பனியின் ஓரமாகவே மேற்கே ஓடி, கிகியுக்விஸ்லோடு சேர்ந்துவிட்டது. நாட்டின் நீளமான பாலத்துக்குக் கீழே சிறு ஓடை ஒன்றுதான் மிஞ்சியது. 2017இல் அந்த ஓடைக்கு அறுபது எழுபது மீட்டரில் ஒரு பாலம் கட்டிச் சாலையைத் திருப்பிவிட்டார்கள். பழைய பாலம் மணலில் தனியே நிற்கிறது. வெள்ளத்துக்குத் தயாராக இருந்தவர்களும் ஆறே போய்விடும் என்று கணக்கிட்டிருக்கவில்லை. பருவநிலை மாற்றம் பற்றி அறிக்கைகள் எவ்வளவோ வந்திருக்கின்றன. நீரைத் தேடி நிற்கும் 880 மீட்டர் எஃகை விடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

தென்கரையின் பிரச்சினை நீர் என்றால், கடல் நுழைந்த பள்ளத்தாக்குகளான மேற்கு ஃபியோர்டுகளில் பனிச்சரிவு. 1995 ஜனவரியில் சூதவிக் ஊரில் 14 பேர், அதே ஆண்டு அக்டோபரில் ஃபிலாட்டெய்ரியில் 20 பேர் உறக்கத்திலேயே புதைந்தார்கள். அடுத்த ஆண்டு அந்த வட்டாரத்தில் மலைக்குள் மூன்று கிளையாகப் பிரியும் சுரங்கச்சாலை திறந்தது. 1998இல் ஹ்வால்ஃபியோர்துருக்கு அடியில், கடல்மட்டத்துக்கு 165 மீட்டர் கீழே போகும் சுரங்கம் வந்தது. ஃபியோர்டைச் சுற்றி ஏறத்தாழ ஒரு மணி நேரம் எடுத்த வழி சில நிமிடமாகச் சுருங்கியது. கடன் அடைந்ததும் 2018இல் அங்கே சுங்கத்தை நிறுத்திவிட்டார்கள். 2019இல்தான் வளையச் சாலை முழுவதும் தார் கண்டது.

இந்த இடைவெளியில் பயணிகள் பெருகிவிட்டார்கள். 2010இல் வந்தவர்கள் ஐந்து லட்சத்துக்கும் குறைவு; 2018இல் இருபத்து மூன்று லட்சம். நாட்டின் மொத்த மக்கள்தொகை இன்றும் நான்கு லட்சத்தை எட்டவில்லை. விமான நிலையத்தில் கார் வாடகைக்கு எடுத்து, அன்று மாலையே மணல்வெளியைக் கடக்கலாம். தார்ச்சாலை அவர்களுக்கு வேகத்தைத் தருகிறது. நூப்ஸ்தாதுர் பண்ணைக்காரரிடம் இருந்த அறிவைத் தருவதில்லை. கார்க் கதவைப் பிடுங்கும் காற்று, கண்ணாடியைத் தேய்க்கும் மணற்புயல், முன்னறிவிப்பின்றிக் கரையேறும் ரேய்னிஸ்ஃபியாரா கடற்கரை அலை ஆகியவற்றுக்கெல்லாம் எச்சரிக்கைப் பலகை உண்டு. வழிகாட்டி கூட வருவதில்லை. வளையச் சாலையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய பழைய பாலங்கள் இன்னும் பல இருக்கின்றன. முதலில் வருபவர் போக, எதிரே வருபவர் நின்று காத்திருக்க வேண்டும் என்பது உள்ளூர் வழக்கம். 2018 டிசம்பரில் ஸ்கெய்தரா மணல்வெளியின் மேற்குப் பகுதியில், நூப்ஸ்வோட்ன் மீதிருந்த அப்படியொரு பாலத்திலிருந்து ஒரு வாடகைக் கார் கீழே விழுந்து மூன்று பயணிகள் இறந்தார்கள். இருவழிப் பாலம் அங்கே அதற்குப் பிறகுதான் வந்தது. பயணிகளால் வந்த வருவாய் உயர்ந்த வேகத்துக்குப் பாலங்களின் வேலை நடக்கவில்லை என்பதை ஐஸ்லாந்து மறுக்க முடியாது.

வழி தவறியவர்களைத் தேடிப்போகும் பொறுப்பு இப்போது லாண்ட்ஸ்பியோர்க் என்ற மீட்பு அமைப்புடையது. அதன் வேர் 1928இல் கடல் விபத்துகளுக்காகத் தொடங்கிய சங்கத்தில் இருக்கிறது. தாம்சென் கட்டிய குடிலின் அதே எண்ணம், நாடு தழுவிய அளவில். மீட்புக் குழுவினர் அனைவரும் தொண்டர்கள்: ஆசிரியர், தச்சர், மீனவர், மாணவர். அழைப்பு வந்தால் வேலையை விட்டுக் கிளம்புகிறார்கள். மீட்கப்பட்டவரிடம் கட்டணம் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்ற குரல் அந்நாட்டிலேயே அவ்வப்போது எழுகிறது. எனக்கு அது உடன்பாடில்லை. கட்டணத்துக்கு அஞ்சி ஒருவர் உதவி கேட்பதைத் தள்ளிப்போட்டால், பனியில் அந்த ஒரு மணி நேரமே உயிரைக் குடித்துவிடும். ஆனால் இந்த அமைப்பின் முதன்மையான வருமானங்களில் ஒன்று புத்தாண்டு இரவுக்கு ஐஸ்லாந்தியர்கள் வாங்கும் பட்டாசு. அந்தப் புகை ரேக்யவிக்கின் காற்றைக் கெடுப்பதால், 2018 முதல் பட்டாசுக்குப் பதிலாக மரக்கன்றுக்குப் பணம் கொடுக்கும் வழியையும் வைத்திருக்கிறார்கள். இருபது லட்சம் விருந்தினரைத் தேடும் செலவை நான்கு லட்சம் பேரின் பட்டாசும் மரக்கன்றும் தாங்குவது நியாயமல்ல. ஒவ்வொரு வாடகைக் காரின் கட்டணத்திலிருந்தும் ஒரு பங்கு இவர்களுக்கு நேராகப் போய்ச் சேர வேண்டும். அது ஓட்டுநருக்கு விதிக்கும் தண்டம் ஆகாது. ஒருகாலத்தில் ஆற்றைக் கடக்கும் முன் வழிகாட்டியின் கையில் கொடுத்த கூலியே அது.